கொணங்கெட்டவர்களின் வரலாறு
ஆளுமைக் கோளாறு குறித்துத் திருச்செங்கோட்டிலிருந்து சில குறிப்புகள்

1

‘அவெங் கொணமே அப்படித்தானுங்க’ என்கிற வாக்கியம் திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்தில் அன்றாடம் புழங்குகிற ஒன்று. தறிப்பட்டறை முதலாளி தறி ஓட்டுகிறவனைப் பற்றிச் சொல்வார். மாமியார் மருமகளைப் பற்றிச் சொல்வாள். ரிக் வண்டி மேனேஜர் பாதி வேலையில் இறங்கிப் போய்விட்ட பையனைப் பற்றிச் சொல்வார். போலீஸ்காரர் ஒரு தெருவையே சேர்த்துச் சொல்வார். சொல்லப்பட்ட மாத்திரத்தில் பேச்சு முடிந்துவிடும். ஏன் கோபப்பட்டான், அன்றைக்கு என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்ற கேள்விகளுக்கு அதற்குப் பிறகு இடமில்லை. காரணம் ஆளுக்குள்ளேயே இருக்கிறது என்று தீர்ப்பாகிவிட்டது.

இதே வாக்கியத்தின் மருத்துவ வடிவம்தான் ஆளுமைக் கோளாறு. சிலருக்குச் சிறிய உரசலும் பெரிய தீயாகிறது, தாமதமான ஒரு பதில் கைவிடப்பட்டதாகத் தெரிகிறது, வசவு ஒன்று நாள் முழுக்க உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. இவர்களிடம் நிலைத்துவிட்ட சில குணக்கூறுகள் அன்றாட நெருக்கடிக்கு அவர்கள் காட்டும் உணர்ச்சியைத் தீர்மானிக்கின்றன என்று உளமருத்துவம் சொல்கிறது. சும்மா சொல்லவில்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள், ஆய்வுக்கு வந்தவர்களிடம் அன்றாட வாழ்வின் நடுவிலேயே, ஒரு நாளைக்குப் பலமுறை, ‘இப்போது என்ன நடக்கிறது, இப்போது எப்படி இருக்கிறது’ என்று குறித்து வாங்கினார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்று பெயரிடப்பட்டவர்கள் சின்னச் சின்னத் தொந்தரவுகளுக்கும் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் துன்பப்பட்டார்கள். அந்தத் துன்பம் நிஜம். அதை யாரும் நடிக்கவில்லை. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுதான் மேலே போகவேண்டும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு ஆளுமைக் கோளாற்றை வரையறுக்கும்போது, ஒருவரது பண்பாடு அவரிடம் எதிர்பார்ப்பதிலிருந்து வெகுவாக விலகி நிற்கிற, நீடித்த அனுபவ, நடத்தை முறை என்ற பொருளில் சொல்கிறது. பண்பாடு எதிர்பார்ப்பது அளவுகோலாகிவிட்டது. சாதியும் பாலினமும் ஆளுக்கொரு நடத்தையை விதித்திருக்கிற சமவெளியில் இந்த எதிர்பார்ப்பு எல்லோருக்கும் ஒன்றா? ஒருத்தரின் ‘ரோசம்’ இன்னொருத்தரின் ‘திமிர்’ ஆகிற ஊரில், குணம் என்பது யாருடைய சொத்து? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இங்கே தொட்டுப் பார்க்க முயல்கிறோம்.

2

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைத் தமிழ் வகுப்பறைகளில் அணியிலக்கணத்துக்குத் தம்பி போலச் சொல்லித்தருகிறார்கள். பட்டியலை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். மறுபடி எடுத்துப் பார்த்தால், அது உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பது பற்றிய ஒரு கோட்பாடு என்று தெரிகிறது. எட்டு மெய்ப்பாடுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள். அழுகைக்குச் சொல்லப்படும் நான்கு: பிறரால் இழிவுபடுதல், இழத்தல், முன்பிருந்த நிலை கெட்டு வேறாதல், வறுமை. அச்சத்துக்குச் சொல்லப்படும் நான்கில் தெய்வமும் விலங்கும் கள்வரும் இருக்கிறார்கள், நான்காவதாகத் தன்னை ஆளுகிறவன் இருக்கிறான். வெகுளிக்கு உறுப்பறுத்தல், குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்தல், வைதும் அடித்தும் அலைக்கழித்தல், கொலை.

இந்தப் பட்டியல்களில் ‘அழுமூஞ்சி’ என்றொரு ஆள் இல்லை, ‘முன்கோபி’ என்றொரு ஆளும் இல்லை. அழுகைக்கு முன்னால் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, வெகுளிக்கு முன்னால் ஒரு செயல் இருக்கிறது. வறுமையை அழுகையின் நிலைக்களனாக எழுதிவைத்த இலக்கணம் நம்மிடம் இருக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை. ஒருத்தி அழுகிறாள் என்றால் அவள் குணத்தைக் கேட்பதற்கு முன்னால் அவளை யார் இழிவுபடுத்தினார்கள், அவள் எதை இழந்தாள், வீட்டில் என்ன இல்லை என்று கேட்கச் சொல்கிற இலக்கணம் இது.

இதைச் சொன்னவுடன் ‘எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது’ என்று கொடி தூக்கக் கிளம்பிவிடக் கூடாது. அதே மெய்ப்பாட்டியல், தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்கவேண்டிய ஒப்புமைகள் பத்தை வரிசைப்படுத்தும்போது பிறப்பிலும் குடிமையிலும் தொடங்குகிறது. பெருமிதத்தின் நிலைக்களன்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. இவை நான்கும் யாரிடம் இருந்திருக்க முடியும்? பிறர் வீட்டில் அடிமையாகவும் ஏவலாளாகவும் இருந்தவர்களின் காதல் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டது. காரணத்தை வெளியே தேடுகிற மரியாதை சிலருக்குத்தான். மற்றவர்களுக்குப் பிறப்பே காரணம்.

கண்ணகியை எடுத்துக்கொள்ளலாம். அவள் கடைசியாக ஏறிய நெடுவேள் குன்றம் திருச்செங்கோடுதான் என்று சொல்வார் உண்டு. சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவையும் முருகன் உறையும் இடங்களில் ஒன்றாகச் செங்கோட்டைச் சொல்கிறது. அந்தப் பெண்ணின் வெகுளியைப் போல அளவு கடந்த ஒன்று நம் இலக்கியத்தில் வேறில்லை. தன் உடலைத் தானே சிதைத்து ஒரு நகரத்தை எரித்தாள். ஆனால் காப்பியம் அவள் குணத்தை விசாரிக்கவில்லை. அரசன் செய்த தவறை விசாரித்தது. பெருவணிகன் மகளின் கோபத்துக்குக் கோயில் கிடைத்தது. சிலம்பைத் திருடிய பொற்கொல்லனின் குலத்துக்கு என்ன கிடைத்தது? ஒருவன் செய்த குற்றத்துக்காக ஆயிரம் பொற்கொல்லர்கள் பாண்டிய நாட்டில் பலியிடப்பட்டதாக அதே நூல் சொல்கிறது. ஒரே பிரதிக்குள் இரண்டு நியாயங்கள். ஒருத்தியின் செயலுக்குச் சூழல் காரணம், ஒருவனின் செயலுக்குக் குலம் காரணம்.

3

குணத்தை நோயாக்கும் வேலை ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் சூடுபிடித்தது. 1835இல் இங்கிலாந்தின் பிரிச்சர்ட், புத்தி கெடாமல் உணர்ச்சியும் ஒழுக்கமும் மட்டும் கெட்டுப்போகிற ‘ஒழுக்கப் பைத்தியம்’ ஒன்றைப் பற்றி எழுதினார். 1851இல் அமெரிக்கத் தென்மாநிலத்து மருத்துவர் கார்ட்ரைட், அடிமைகள் எஜமானிடமிருந்து தப்பியோடுவதை ஒரு நோய் என்று அறிவித்து அதற்குக் கிரேக்கத்தில் பெயரும் வைத்தார். அடிமைகள் வேலையில் சோம்பிக் கிடப்பதற்கு இன்னொரு நோய். 1923இல் ஜெர்மனியின் கர்ட் ஷ்னைடர், தம் இயல்பால் தாமே துன்பப்படுகிறவர்கள் அல்லது சமூகத்தைத் துன்பப்படுத்துகிறவர்கள் என்று இரண்டு பேரையும் ஒரே கூடையில் போட்டார். தான் துன்பப்படுவதும் பிறரைத் தொந்தரவு செய்வதும் ஒரே வரையறைக்குள் வந்த இந்த இடம் முக்கியமானது. மருத்துவமும் காவல்துறையும் இங்கே கை குலுக்கிக்கொள்கின்றன.

நம் பக்கத்தில் அந்தக் கைகுலுக்கல் மருத்துவமனையில் நடக்கவில்லை. சென்னையில் 1794இலேயே வாலன்டைன் கானலி பைத்தியக்கார விடுதியைத் தொடங்கிவிட்டார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1922இல் மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. ஆனால் சேலம் ஜில்லாவின் ஏழைபாழைகளின் ‘குணம்’ அங்கே எழுதப்படவில்லை, போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்பட்டது. கீழ்ப்பாக்கத்துக்கு விடுதி வந்த அதே 1871இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். மாகாணத்தில் இதற்குள் சிக்கியவர்களில் குறவர்களும் பிரமலைக் கள்ளர்களும் உண்டு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது நாம் அறிந்தது. சமவெளியில் குறவர்களுக்கு நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

1892இல் போலீஸ் அதிகாரி முல்லாலி மாகாணத்துக் குற்ற வகுப்பினரைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டிருந்தார். 1909இல் அவருடைய ஏழு தொகுதிகள் வெளிவந்தன. இந்தச் சொல்லாடலில் ஒரு சாதிக்குச் சுபாவம் உண்டு, அது ரத்தத்தில் வருகிறது, பரம்பரையாக இறங்குகிறது. வரலாற்றாளர் மீனா ராதாகிருஷ்ணா காட்டியது வேறு. உப்பையும் தானியத்தையும் மாட்டின்மேல் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் போய்வந்த வணிகர்கள் இவர்கள். அரசின் உப்புக் கொள்கையும் ரயிலும் அந்தத் தொழிலைக் கொன்றன, காட்டுச் சட்டங்கள் மேய்ச்சலையும் மூங்கிலையும் பறித்தன. பிழைப்புப் போன பிறகு அலைந்தவர்களின் அலைச்சல் குணம் என்று பதியப்பட்டது. தொல்காப்பியத்தின் சொற்களில் சொன்னால், இழப்பும் நிலை கெட்டதும் வறுமையும் ஆகிய மூன்று நிலைக்களன்களை அழித்துவிட்டு மெய்ப்பாட்டை மட்டும் ரத்தத்தில் எழுதிக்கொண்டார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் ரத்தானது, நாடு முழுக்க 1952இல். வழக்கமான குற்றவாளிகள் என்ற பெயரில் வேறு சட்டங்கள் அந்த இடத்துக்கு வந்தன. ஒரு குலத்தின் குணம் என்று இருந்தது தனியாளின் குணம் என்று மாறியது, கண்காணிப்பு அப்படியே இருந்தது. எந்தத் திருட்டு நடந்தாலும் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் போகும் என்பது இன்றும் நமக்குத் தெரியாததா?

4

திருச்செங்கோட்டு வட்டாரத்தில் குணம் பற்றிய இன்னொரு பேச்சு அஹிம்சையின் பெயரால் வந்தது. 1925இல் ராஜாஜி புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். 1929இல் அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகை வந்தது. கல்கி அங்கேயே தங்கி அதில் வேலை பார்த்தார். 1937இல் ராஜாஜி மாகாணத்தின் பிரதமரானதும் அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில்தான் அமலானது. அன்றைய சேலம் ஜில்லாவுக்குள் இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். இழந்த கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது.

மதுவிலக்கு இயக்கத்தின் பிரச்சாரத்தில் குடிகாரன் என்பவன் ஒரு குண வார்ப்பு. நல்ல மனிதன், கள்ளுக்கடை, சீரழிவு, மனைவியின் கண்ணீர், மனந்திருந்தல். குடி ஒரு ஒழுக்கச் சறுக்கலாகவும் திருந்துதல் ஒரு சபதமாகவும் இங்கே தெரிகின்றன. வெயிலில் பகலெல்லாம் ஏற்றம் இறைத்தவனுக்கும் பண்ணையத்தில் வசவு வாங்கியவனுக்கும் சாயங்காலம் கள்ளுக்கடை என்னவாக இருந்தது என்ற கேள்விக்கு இந்த வார்ப்புக்குள் இடமில்லை. வசவையும் கூலியையும் அப்படியே விட்டுவிட்டுக் குடிக்கிறவனின் மனவுறுதியைச் சோதிப்பது மேலிருந்து பார்க்கிற பார்வை. அதில் சந்தேகமில்லை.

ஆனால் இங்கே அவசரப்பட்டு ஆசிரமத்தைக் கட்டுடைத்துவிட்டுப் போய்விடவும் முடியாது. பேச்சில் குணத்தைத் திருத்தச் சொன்னவர்கள், நடைமுறையில் கை வைத்தது தெருவில். கடையை மூடினார்கள். மழை பொய்த்த காலங்களில் ஆசிரமம் நூற்பும் நெசவும் கொடுத்துக் கூலி தந்தது. ஆளை மாற்றச் சொன்ன சொல்லாடலுக்கு அடியில், அவனுடைய நாளை மாற்றுகிற ஒரு செயல் இருந்தது. கூலிக்காசு வீட்டுக்கு வந்து சேர்ந்த பெண்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருக்கும். உணர்ச்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சொன்னதையும் செய்ததையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகவேண்டும்.

அதன் பிறகு நடந்தது தலைகீழ். 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் மறுபடி வந்தது, 1981இல் மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக் வந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போனது. இப்போது விற்பனை செய்வது அரசு, கெட்டுப்போவது குணம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து வருகிறவனின் வழியில் கடையைத் திறந்துவைத்துவிட்டு, குடிநோய் மீட்பு மையத்தில் அவனுடைய மன உந்துதல் பற்றிக் கவுன்சிலிங் கொடுக்கிறோம். 1937இல் இருந்த குழப்பமாவது இப்போது இல்லை. தெருவைத் தொடாமல் ஆளை மட்டும் திருத்துவது என்பதே கொள்கையாகிவிட்டது.

5

எல்லைநிலை என்ற சொல்லை 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் பயன்படுத்தினார். 1980இல் அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு அதை ஆளுமைக் கோளாறுகளில் ஒன்றாகச் சேர்த்தது. 1994 பதிப்பு, இந்தப் பெயர் பெறுகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள் என்றது. சமூக விரோத ஆளுமை என்ற பெயரோ ஆண்களுக்கும் ஏழைகளுக்கும் அதிகமாகப் போய்ச் சேருகிறது. பிழைப்பதற்காகச் செய்வதைக் குணக்கேடாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு என்று அந்தக் கையேடே எச்சரிக்கவும் செய்தது. பெண்ணின் அழுகைக்கு ஒரு பெட்டி, ஏழை ஆணின் கோபத்துக்கு ஒரு பெட்டி.

இந்தப் பெட்டியை உள்ளிருந்து உடைத்தவர் மார்ஷா லினஹன். 1993இல் வந்த அவருடைய நூல், பிறவியிலேயே உணர்ச்சி சீக்கிரம் மூளுகிற தன்மை ஒரு பக்கம் இருக்கலாம், ஆனால் அது நோயாக முற்றுவதற்கு ‘செல்லாததாக்கும் சூழல்’ ஒன்று வேண்டும் என்றது. ‘இதுக்குப்போயி அழுவியா’, ‘உனக்கு மட்டும்தான் வலிக்குதா’, ‘நடிக்காதே’ என்று ஒருத்தியின் உணர்ச்சியைத் தொடர்ந்து பொய்யாக்குகிற சூழல். சாதாரணமாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, உயிரை எடுத்துக்கொள்ளப் போனால்தான் கேட்கிறார்கள் என்று உடல் கற்றுக்கொள்கிறது. 2011இல் லினஹன் தானும் இளம்வயதில் மனநல விடுதியில் அடைக்கப்பட்டிருந்தவர் என்பதை வெளிப்படையாகச் சொன்னார். வைத்தியரும் நோயாளியும் ஒரே ஆள்.

லினஹன் பெரும்பாலும் குடும்பத்தை மனதில் வைத்துச் சொன்னதை நாம் பட்டறைக்கும் தெருவுக்கும் கொண்டுவரலாம். விசைத்தறிக் கொட்டகையின் சத்தத்தில் பக்கத்துத் தறிக்காரனுக்கும் பேச்சு கேட்காது. முன்பணம் வாங்கியவன் அதை அடைக்கும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது என்பதை அந்தச் சத்தத்துக்குள் யாரிடம் சொல்வது? கடனை வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறவனுக்கு ‘ஓடிப்போனவன்’ என்று பெயர். அவனைப் பற்றிப் பேசும்போது கடன் எவ்வளவு, வாரக்கூலி எவ்வளவு என்று யாரும் தொடங்குவதில்லை. ‘நாணயமில்லாத பய’ என்றுதான் தொடங்குகிறார்கள். கார்ட்ரைட் டாக்டர் நம் ஊருக்கு வந்திருந்தால் அவருக்குத் தனியாக வேலை இருந்திருக்காது.

2025 ஜூலையில் பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெளியே வந்தது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. இது புதிய செய்தியும் இல்லை, பல வருடங்களாக அவ்வப்போது வந்துபோகிற செய்திதான். வெகுளியின் நிலைக்களன்களில் முதலாவதாக உறுப்பறுத்தலை வைத்திருந்தது பழைய இலக்கணம். கடனுக்காக உறுப்பு போகிற ஊரில் அந்த வெகுளி எங்கே போயிற்று? பட்டறைக்கு எதிராக அது எழவில்லை. வீட்டுக்குள் திரும்பியிருக்கலாம், பாட்டிலுக்குள் போயிருக்கலாம், உடம்புக்குள்ளேயே புண்ணாகத் தங்கியிருக்கலாம். நாளைக்கு அவர்களில் ஒருவர் சின்ன விஷயத்துக்கு வெடித்தால் நம் பொதுப்புத்தி என்ன சொல்லும் என்பதும் நமக்குத் தெரியும்.

6

உணர்ச்சிக்குக் காரணம் ஆளுக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கை அதிகாரத்துக்கு எவ்வளவு வசதி என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 2015 ஜூன் 23 அன்று பொறியியல் படித்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். உடன் படித்த, வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததுதான் காரணம். மறுநாள் பள்ளிபாளையத்துக்கு அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. அவரை மிரட்டித் தற்கொலைக் குறிப்பு எழுதவும் வீடியோவில் பேசவும் வைத்திருந்தார்கள் என்பது வழக்கில் வெளிவந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் மேல்முறையீட்டிலும் அவர்கள் குற்றவாளிகள் என்ற முடிவு நிலைத்தது.

கொலைகாரர்கள் அந்தக் குறிப்பை ஏன் எழுத வைத்தார்கள் என்று யோசிக்கவேண்டும். ‘மனசு ஒடைஞ்சு போயிட்டான்’ என்ற வாக்கியத்தை இந்தச் சமூகம் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காதல் தோல்வி, பலவீனமான மனம், அவசர முடிவு என்று ஒரு தயார்க் கதை இருக்கிறது. ஒரு சாதிக் கொலைக்கு அந்தக் கதையைப் போர்த்திவிட்டால் போதும். நிலைக்களன் மறைந்து மெய்ப்பாடு மட்டும் மிஞ்சும். அந்தப் பெற்ற தாய் விடாமல் போராடியதால்தான் அது மறையவில்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். கோயிலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டு கொல்லும் அளவுக்குக் கொதித்துப்போவதைவிட அன்றாட நிகழ்வுக்கு அளவு மீறிய எதிர்வினை வேறென்ன இருக்கிறது? அதை யாரும் ஆளுமைக் கோளாறு என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது, அது குற்றவாளிக்குப் போடும் இன்னொரு போர்வையாகிவிடும். ஆனால் அதற்கு மானம், இனப்பற்று, ரோசம் என்ற பெயர்கள் புழங்குகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். பண்பாட்டின் எதிர்பார்ப்பிலிருந்து விலகினால்தான் கோளாறு. பண்பாடே எதிர்பார்க்கிற வெறி கோளாறு ஆகாது. வரையறையின் ஓட்டை இங்கே பச்சையாகத் தெரிகிறது.

7

2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, ஒரு குழுவைச் சேர்ந்தவர் என்பதற்காகவோ, சமூகம் ஒப்புக்கொண்ட ஒழுக்க, வேலை, மத விழுமியங்களுக்கு ஒத்துவராததாலோ ஒருவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக்கூடாது என்கிறது அதன் 3ஆம் பிரிவு. நல்ல பிரிவு. 115ஆம் பிரிவு இன்னும் முக்கியம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் நெருக்கடியில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரவேண்டும். 1860இலிருந்து குற்றமாக இருந்த ஒன்றுக்கு முன்னால் ‘நெருக்கடி’ என்ற சொல் சட்டத்தில் வந்து நின்றது பெரிய விஷயம்.

ஆனால் எப்போது வந்து நிற்கிறது? சாகத் துணிந்த பிறகு. 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக்குக் கடன்பட்ட ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண்குழந்தைகளோடு தீக்குளித்து நால்வரும் இறந்துபோனார்கள். அதற்கு முன் பலமுறை மனுக் கொடுத்திருந்தார்கள். மனுவில் எழுதியிருந்த நெருக்கடி செல்லவில்லை. லினஹன் சொன்ன செல்லாததாக்கும் சூழலுக்கு அரசு அலுவலகத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சி பொதுவாகக் குற்றமில்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தோடு முயன்றால் மட்டும் 226ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறை. அதாவது வீட்டில் செய்தால் நெருக்கடி, கலெக்டர் ஆபீசில் செய்தால் குற்றம். ஷ்னைடரின் இரண்டு வகையும் இங்கே பிரிந்து நிற்கின்றன: தானே துன்பப்படுகிறவருக்கு வைத்தியர், நம்மைத் தொந்தரவு செய்கிறவருக்குப் போலீஸ்.

நம் நண்பர்கள் சிலர் ஃபூக்கோவைப் படித்த உற்சாகத்தில் ‘கோளாறே கிடையாது, எல்லாம் அதிகாரத்தின் புனைவு’ என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியபோது அந்தப் பேச்சின் எல்லை தெரிந்தது. வைத்தியம் இல்லாத இடத்தில் சுதந்திரம் வந்து உட்காரவில்லை, சங்கிலிதான் உட்கார்ந்திருந்தது. உணர்ச்சி கொதித்து அடங்காமல் தன் கையைத் தானே அறுத்துக்கொள்கிற ஒரு பெண்ணிடம் ‘இது சொல்லாடல்’ என்று சொல்வதும் ‘நடிக்காதே’ என்று சொல்வதும் ஒரே மாதிரிதான். அவளுக்கு வைத்தியம் வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடு, பழைய குணப்பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் கலைத்துவிட்டு, கோளாறு எவ்வளவு கடுமை என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறது. முத்திரையிலிருந்து ஓரடி விலகியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் ஆளைத்தான் அளக்கிறது.

நம்மூர் மனநலப் பிரிவுகளின் கேஸ் ஷீட்டில் நோய்க்கு முந்தைய ஆளுமை என்று ஒரு தலைப்பு உண்டு. அவர் எப்படிப்பட்டவர், கோபக்காரரா, கூச்சமுள்ளவரா என்று கூட வந்தவரிடம் கேட்டு எழுதுவார்கள். பெரும்பாலும் கூட வருகிறவர் யார்? கணவன், மாமியார், சில நேரம் முதலாளி. குணத்துக்குச் சாட்சி சொல்கிறவர்களே அவருடைய அன்றாடத்தின் நெருக்கடியாகவும் இருக்கலாம். அந்தத் தாளில் வட்டி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், எந்தச் சாதித் தெரு, யார் என்ன சொல்லி வைதார்கள் என்பதற்குத் தனித் தலைப்பு கிடையாது. வைத்தியர்கள் சேர்க்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கத்தில் இருப்பவர்களும் பெண்கள் அமைப்பில் இருப்பவர்களும் சாதிக் கொடுமைகளைப் பதிவுசெய்கிறவர்களும் தங்கள் விண்ணப்பங்களிலும் உண்மையறியும் அறிக்கைகளிலும் இதை எழுதத் தொடங்கலாம். ‘மனமுடைந்தார்’ என்று எழுதவேண்டிய ஒவ்வொரு இடத்திலும், அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று ஒரு பத்தி எழுதினால் போதும். அந்தப் பத்திகள் சேர்ந்தால்தான் இந்தச் சமவெளியில் உணர்ச்சியின் வரலாறு எழுதப்படும். அதுவரை நம்மிடம் இருப்பது கொணங்கெட்டவர்களின் பட்டியல் மட்டும்தான்.